இடப்பக்கப் பெட்டியில் இருந்த பாடகர்

பிள்ளைகளே, பெரியவளின் கல்யாண ரிசப்ஷனில் போட்ட பாட்டைப் பற்றி உங்கள் மாமன் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன். இரண்டும் பொய்யில்லை. பெரியவளுக்குப் பாதி தெரியும். சின்னவன் அன்று பந்தியில் இருந்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றும் வண்டி என்னுடையது. எங்கள் லோடு வண்டிகளில் இடப்பக்க ஸ்பீக்கர் பாடாது. சுமை ஏற்றி இறக்கும் லோடுமேன் அந்தக் கதவில் சாய்ந்துதான் தூங்குவார். காதடியில் பாட்டு அலறினால் தூக்கம் ஏது? ஆகவே வண்டி வாங்கியதும் அந்த ஒயரைப் பிடுங்கிவிடுவோம். பிறகு அப்படி ஒரு ஸ்பீக்கர் இருப்பதே மறந்துபோகும்.

பெரியவள் ஒரு பென் டிரைவ் கொடுத்து, "மேடைக்கு நடக்கறப்போ இதுதானுங்கப்பா போடோணும். அமெரிக்காவுல பழைய பாட்டு" என்றாள். வண்டியில் போட்டேன். நிறைய வயலின்கள் ஒரே மூச்சாக மேலே ஏறின. உச்சிக்குப் போய் இறங்காமல் அங்கேயே நின்றன. யாழ் போல ஒன்று சொட்டுச் சொட்டாக விழுந்தது. அப்புறம் குழல்கள். நடுவில் எல்லாம் அடங்கி, யாருக்கோ வழிவிட்டதுபோல ஒதுங்கும். யாருக்கு என்று நான் யோசிக்கவில்லை. பிடித்துப்போய்த் தினமும் கேட்டேன்.

மாமன்தான் மறித்தார். உங்கள் அம்மாவுக்கு அண்ணன், சீர் செய்கிறவர். அவர் நிற்காத மேடையில் பெரியவள் ஏறமாட்டாள்.

"இங்கிலீஷ்ல ஒருத்தன் கத்துவான், நான் தட்டத் தூக்கிட்டு நிக்கோணுமாக்கு?"

"ஆரும் வாயே தொறக்க மாட்டாங்க மச்சான். வெறும் வயலினுங்க."

"உங்க பேச்ச நம்பறனுங்க மாப்ள."

ரிசப்ஷன் அன்று மதியம் மண்டபத்தில் சவுண்டு சர்வீஸ்காரர் மேடைக்கு இரு பக்கமும் ஆளுயரப் பெட்டி வைத்து, பாட்டைப் போட்டுப் பார்த்தார். வலப்பக்கம் என் வயலின்கள் ஏறி, அடங்கி, ஒதுங்கின. அப்போது இடப்பக்கப் பெட்டியில் ஓர் ஆண் பாடத் தொடங்கினார். கரகரத்த, பெரிய குரல். அவசரமே இல்லை. பக்கத்தில் நின்ற மாமன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, வயலினுக்குக் கட்டத்தொண்டை எப்ப வந்துச்சு?"

"எனக்கே இப்பத்தான் தெரியுதுங்க."

பெரியவளுக்கு விளங்கிவிட்டது. "அந்த ஒயரப் புடுங்குன வண்டிலயா கேட்டீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் காலத்துப் பாட்டில் குரலை ஒரு பக்க ஸ்பீக்கருக்கும் வாத்தியங்களை மறுபக்கத்துக்கும் பிரித்து வைப்பார்களாம். கறுப்பின மக்களின் பாட்டு, 'சோல்' என்று பெயர் என்பதெல்லாம் அவள் அப்போது சொன்னதுதான்.

"என்ன சொல்றான் அவன்?" என்றார் மாமன்.

"திரும்பி வந்துருன்னு கேக்கறாருங்க மாமா."

"ஏன், மண்டபத்துலயே கோவிச்சுட்டுப் போயாச்சா?" சவுண்டு சர்வீஸ்காரரிடம் திரும்பினார். "அந்தப் பொட்டிய அமத்துங்க. மாப்ள சொன்ன வயலின் மட்டும் வரட்டும்."

அமர்த்தினார். நான் வண்டியில் கேட்ட அதே பாட்டு வந்தது. ஆனால் வயலின்கள் ஒதுங்கிய இடமெல்லாம் இப்போது வெறும் காலியாகக் கேட்டது. அத்தனை வாத்தியமும் அந்த ஆளைத் தாங்கத்தான் இருந்திருக்கின்றன. பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மச்சான், அவரும் பாடட்டுமுங்க" என்றேன். "தப்பாச் சொன்னது நானு. அவ கேட்டது இதத்தான்."

"அப்ப நான் மேடைக்கு வரலீனா?"

அவர் பெரியவளைப் பார்த்தார். இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாப்பிடப் போய்விட்டார்.

சாயந்தரம் மணமக்கள் மண்டப வாசலில் நின்றார்கள். மேடையில் மாமன் இல்லை. "போடட்டுங்களா?" என்றார் சவுண்டு சர்வீஸ்காரர். மண்டபம் முழுக்கக் கண்ணால் தேடினேன். அப்போதுதான் மாமனைக் கண்டேன். சீர்த்தட்டோடு, வயலின் மட்டும் வரும் வலப்பக்கப் பெட்டியை ஒட்டி, தோள் இடிக்க நின்றுகொண்டிருந்தார்.

"போடுங்க" என்றேன்.

அவர்கள் பாதி தூரம் வரும்போது பாடகர் தொடங்கினார். மாமன் தலை ஒருமுறை இடப்பக்கம் திரும்பியது. பிறகு பெட்டியை இன்னும் ஒட்டிக்கொண்டார்.

இப்போதும் யாராவது கேட்டால் அவர் சொல்வது இதுதான்: "பாட்டா? ஆரும் பாடலீங்க. நான் அங்கயேதான் நின்னன். வெறும் வயலின்."