நாற்பத்து மூன்று செங்கற்கள்

1

பனி கரைந்த முதல் வாரம். தேவாலயத்தின் தெற்கு வாசல் மண்டபத்தடியில் செங்கல் சில்லுகள் உதிர்ந்து கிடந்தன. கூட்டி அள்ளினேன்: முக்கால் வாளி. அடுத்த நாள் பார்த்தால் இன்னும் கால் வாளி.

நிர்வாகத்தைக் கவனித்த வார்டன் அம்மையார் வந்து பார்த்தார். சுவருக்கு வயதாகிவிட்டது, மண்டபத்தை இடிப்பதுதான் பாதுகாப்பு என்றார். தீர்மானிக்கும் கூட்டத்துக்குப் பதினான்கு நாள் இருந்தது.

நான் அங்கே ஏழு வருடமாகக் கேர்டேக்கர். என் வீடிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் இருந்து இரண்டு பஸ். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் முதல் நாளே ஒரு கொப்பியில் எண்ணி எழுதிவிட்டேன்: உட்காரும் வாங்கு இருபத்தாறு, கோபுரப் படி அறுபத்தொன்று, சுவரைத் தாங்கும் உதைசுவர் பத்து.

இங்கிலாந்தில் இருந்து இந்த நாட்டில் குடியேறியவர்கள் தங்கள் ஊர்த் தேவாலயத்தை நினைத்துக் கட்டியது அது. அங்கே ஒரு தலைமுறை நடுக்கூடம் கட்டும், இன்னொன்று பக்கக்கூடம் சேர்க்கும், கோபுரம் பிறகு வரும். இங்கே எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கட்டி, பக்கக்கூடத்தின் கூரையை மட்டும் தாழ்த்தி, பிற்காலத்தில் சேர்த்ததுபோலக் காட்டியிருந்தார்கள். அந்த நாளில் இங்கிலாந்தில் கல்யாணச் சடங்கு வாசல் மண்டபத்தில்தான் தொடங்குமாம். எங்கள் மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கி பஸ் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஒரு நாள் பதினொரு பேரை எண்ணினேன்.

2

ஏழாம் நாள், சுவரைப் பார்க்க மேசன் அந்தோனி வந்தான். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கன். பழைய கட்டடங்களைத் திருத்துகிறவன். சாந்தை உளியால் தட்டிப் பார்த்தான்.

"அண்ணை, உந்தச் சாந்தை ஆர் பூசினது?"

"ஏன் தம்பி?"

"உது சீமெந்து. மற்றச் சுவரெல்லாம் சுண்ணாம்பு. சுண்ணாம்பெண்டால் ஈரம் அதுக்குள்ளால வெளியில போகும். சீமெந்து அடைச்சுப்போடும். தண்ணி கல்லுக்குள்ள நிண்டு உறைஞ்சு முகத்தைத் தள்ளிப்போடும். சாந்து கல்லைவிட மென்மையா இருக்கவேணும். ஒண்டு உடையவேணுமெண்டால் சாந்து உடையட்டும்." சிரித்தான். "ஆரோ ஒரு சைவக்காரன் சேர்ச்சை விழுத்த வந்திருக்கிறான்போல."

நான் சிரிக்கவில்லை. அவன் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, சாமான்களை அடுக்கத் தொடங்கினான்.

நான்கு வருடத்துக்கு முன் பூசியவன் நான்தான். நகத்தால் கிள்ளினாலே பழைய சாந்து உதிர்ந்தது. யுத்த காலத்தில் இராணுவம் சீமெந்தை எங்கள் ஊருக்குள் வரவிடாது. ஒரு பைக்கு அலைந்தவர்கள் நாங்கள். இங்கே கடையில் குவிந்து கிடந்தது. நல்லதைத்தான் போடுகிறேன் என்று ஒருவரையும் கேட்காமல் மூன்று நாள் பூசினேன்.

அவன் போனபின் எண்ணினேன். முகம் உரிந்த கற்கள் நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றும் நான் பூசிய இடத்தில். மற்றச் சுவர்களில் ஒன்றுமில்லை. சுற்றிவந்து இரண்டாம் தடவையும் எண்ணினேன், நான் பூசாத இடத்தில் ஒன்றாவது அகப்படாதா என்று.

3

"பேசாமல் இருங்கோ. சேர்ச் ஆக்கள் சுவருக்கு வயசெண்டுதானே சொல்லினம்? இந்த வயசில வேறை வேலை ஆர் தருவினம்?" என்றாள் மனைவி.

"வயசு எனக்குத்தான். சுவருக்கில்லை."

"ஓம், உந்தக் கதைக்குக் குறைச்சலில்லை."

கூட்டத்தில் கொப்பியை விரித்து வைத்தேன். சுவர் நல்ல சுவர், கெடுத்தது நான் என்றேன். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று வார்டன் அம்மையார் கேட்டார். "முதல் ஏழு நாள் எனக்குத் தெரியாது. மற்ற ஏழு நாள் பயம்" என்றேன்.

மண்டபத்தை இடிக்கவில்லை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை மிஞ்சியது. அந்தோனி சீமெந்தைச் சுரண்டி எடுத்து, கற்களைக் கழற்றினான்.

"உள்முகம் அப்பிடியே புதுசாக் கிடக்கு, பாருங்கோ அண்ணை."

முப்பத்தெட்டை உள்முகம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்தான். ஐந்து மட்டும் புதிது. சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்தது நான், அவன் சொன்ன அளவில்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய கட்டடத்தில் ஒன்று மென்மையாக இருந்தால், திருத்துமுன் அது ஏன் மென்மையாக இருக்கிறது என்று கேளுங்கள். பழுதை எண்ணும்போது, உங்கள் கை பட்ட இடத்தில் இருந்து தொடங்குங்கள்.