ஒரு பல்பு, இரண்டு வீடு

செட்டிகுளத்துப் பக்கம் ஓரகத்திகள் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! மூத்தவள் பூமாலையும் இளையவள் காத்தாயியும் சண்டை போடாத நாளில்லைதான். ஆனாலும் ஒரே விளக்கில் பிழைத்தவர்கள் அவர்கள்.

எண்பதுகளில் சர்க்காரில் குடிசைக்கு ஒரு பல்பு இலவசமாகக் கொடுத்தார்கள். அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவில் ஒரே மண்சுவர். பட்டா மூத்தவன் அங்கமுத்து பேரில் இருந்ததால் பல்பு பூமாலை வீட்டில் எரிந்தது. அந்தப் பக்கம் காத்தாயி சிம்னி விளக்குப் புகையில் இருமிக்கொண்டே சோறு வடித்தாள். அதைக் கேட்டுக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பூமாலைக்கு மனம் வரவில்லை. மறுநாள் கடப்பாரையை எடுத்துச் சுவரின் உச்சியில் ஓட்டை போட்டாள்.

"வூட்டயே இடிக்கிறியாடி, கிறுக்கி!" என்று அங்கமுத்து கத்தினான். அவள் காதிலேயே வாங்கவில்லை. பல்பு அந்த ஓட்டையில் தொங்கி, இரண்டு வீட்டுக்கும் எரிந்தது.

சுவிட்ச் பூமாலை பக்கம். "அணைச்சிரவாடி?" என்று கேட்பாள். "இரு அக்கா, இன்னும் தட்டு கழுவல" என்று பதில் வரும். சண்டை நாளில் கேட்காமலே அணைப்பாள். அங்கே பாத்திரம் உருண்டால் மனசு கேட்காமல் மறுபடி போடுவாள்.

அப்புறம் காத்தாயி புருஷனுக்கு ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையில் வேலை கிடைத்து, குடும்பமே போய்விட்டது. "அணைச்சிரவாடி?" என்று பூமாலையின் வாய் தானாகக் கேட்கும். காலி வீடு என்ன சொல்லும்? பாதி வெளிச்சம் வீணாகப் போகிறதென்று அங்கமுத்து ஓட்டையை அடைக்க மண் குழைத்தான். அவள் அதை வாரி வாசலில் கொட்டினாள்.

"அவ வந்தா இருட்டுலயா நிப்பா?"

காத்தாயி வரவில்லை. பொங்கல் கழிந்ததும் ஏக்கம் தாங்காமல் பூமாலையே பஸ் ஏறினாள். காத்தாயி வீட்டில் அறைக்கு ஒரு பல்பு.

"ஒனக்கென்னடி, மகாராணி!"

காத்தாயி சிரிக்கவில்லை. "ஓட்டைய அடைச்சிட்டியாக்கா?"

"அடைப்பனாடி?"

காத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாப்பிட்டுப் பாய் விரித்ததும் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அணைச்சிரவாக்கா?"

"இருடி," என்றாள் பூமாலை. "இன்னும் பேசி முடியல."