பொட்டு மட்டும்தானா, அண்ணாச்சி?

செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன். மடவார் வளாகத் தெருப் பேச்சியம்மாள் தவறிப்போய்விட்டாள். எங்கள் பேண்டேஜ் துணி மில்லுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவள். கூட வேலை பார்த்த உங்களுக்கு அவளைத் தெரியும். ஒரு விஷயம் மட்டும் தெரியாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ராஜபாளையத்தில் என் கைபட்டு ஓடாத மிஷின் கிடையாது. மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரனே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் புது பெல்ட், புது பல்பு என்று ஏதாவது மாட்டினோம். சலவைத் தொட்டியை ஓட்டும் கம்ப்யூட்டர் மட்டும் வெறுமனே நின்றது. மனசு கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையின் புதுக் கம்ப்யூட்டரிலிருந்து மற்ற புரோகிராம்கள் ஓடுவதற்கு எடுத்துக்கொள்ளும் லைப்ரரி கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்து, அதே பெயரிலிருந்த பழசின் இடத்தில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

லீவு முடிந்து முதல் லோடு துணி சலவைக் காரத்தில் கொதிக்கும்போது புரோகிராம் பாதியில் நின்றது. துணி அப்படியே ஊறினால் இற்றுப்போகும். முதலாளி கத்தினார்: "எவன் கை வச்சான்னு தெரியட்டும், இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புறேன்!" என் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

புரோகிராம் எந்த வரியில் நின்றதென்று காட்ட டீபக்கர் என்று ஒன்று உண்டு. பேச்சியம்மாள் அதைத் திறந்தாள். அதுவும் திறந்த வேகத்தில் செத்தது. மறுபடி திறந்தாள், மறுபடி செத்தது.

"வைத்தியருக்கே காய்ச்சல் அண்ணாச்சி. ரெண்டும் ஒரே லைப்ரரியத்தான் எடுக்குது," என்றவள், அந்தக் கோப்பின் தேதியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஆயுத பூஜை அன்னைக்கு இதைத் தொட்டது யாரு?"

"நான்தான் தாயி. பொட்டு வச்சேன்."

"பொட்டு மட்டும்தானா, அண்ணாச்சி?"

சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "பழசு எங்க?" என்றாள்.

பூஜை அன்று எதையும் குப்பையில் போடக்கூடாதே! பழசைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். அதையே நீட்டினேன். அதைத் திரும்ப வைத்ததும் டீபக்கர் திறந்து, நின்ற இடத்தைக் காட்டியது. அங்கிருந்தே ஓட்டினாள். துணி தப்பியது.

"கோப்பு ஒண்ணு மாறிப்போச்சு முதலாளி. அண்ணாச்சி பழசை வச்சிருந்தாவ, பொழச்சோம்," என்றாள்.

மில்லையே காப்பாற்றியவன் என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டேன். மகள் கல்யாணப் பந்தலிலும் அதே கதைதான். எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட பேச்சியம்மாள் தலையை நிமிர்த்தாமல் சிரித்தாள்.

அந்தப் பென்டிரைவ் என்னிடம் இருக்கிறது. இந்த ஆயுத பூஜைக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். மட்டும்தானா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.