மூச்சுக்கு அளவெடுத்தவள்

என் மனைவியை எல்லோரும் 'மின்மினியோட சித்தி' என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதுகூடக் கிடையாது. நான் 'மின்மினியோட சித்தியோட வீட்டுக்காரர்'. கச்சேரிக் குழுவுக்கு வேன் ஓட்டுகிறவனுக்கு இதைவிட நீளமான பட்டம் எதற்கு?

மின்மினி என் மனைவியின் அக்கா மகள். பன்னிரண்டு வயதில் ஒரு பாட்டுப் போட்டியில் துள்ளித் துள்ளிப் பாடினாள், அந்த வாரமே சின்னப் பிள்ளைகள் எல்லாம் அவளை மாதிரித் துள்ள ஆரம்பித்தார்கள். மின்மினி என்பதும் அவர்கள் வைத்த பெயர்தான். அன்று அவள் போட்டிருந்த மஞ்சள் கவுன் என் மனைவி தைத்தது. குடை மாதிரி விரியும் பாவாடை, தோளில் இரண்டு குட்டி இறக்கை, இடுப்பைச் சுற்றி ஜிகினா. பாட்டைவிடக் கவுனுக்குத்தான் அதிகக் கைதட்டல் என்று இவள் இன்றைக்கும் அடித்துச் சொல்வாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

வளரும் பிள்ளைக்குத் தைத்தால் தையலுக்குள் துணியை மடித்து விட்டுவைப்பது இவள் வழக்கம். பிள்ளை வளர்ந்ததும் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் அதே உடுப்பு மறுபடி பொருந்தும். அப்படியே அந்தக் கவுனை வருடா வருடம் பிரித்துப் பெரிதாக்கினாள். பழைய தையல் இருந்த கோடு தெரிந்தால் அதன்மேல் ஜிகினா ஒட்டிவிடுவாள். கடைசியில் கவுனில் மஞ்சளைத் தேட வேண்டியிருந்தது. என் சாப்பாட்டுத் தட்டிலும் ஜிகினா மின்னும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சின்ன வயதில் மின்மினி அளவெடுக்க நிற்கவே மாட்டாள், புழு மாதிரி நெளிவாள். "மூச்சைப் பிடி குட்டி" என்று அதட்டிவிட்டு, அந்த ஒரு கணத்தில் இவள் டேப்பைச் சுற்றி எடுத்துவிடுவாள். மின்மினிக்குப் பதினேழு வயதான பிறகும் இதே அதட்டல்தான்.

அதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. பழைய பாட்டுகளின் உச்சி எட்டவில்லை. மேடையில் பழைய பதிவை ஓடவிட்டு வாயை மட்டும் அசைத்தாள். கூட்டத்துக்குத் தெரியவில்லை, ஆனால் வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவள் முகம் தொங்கிப்போகும். கொஞ்ச நேரத்தில் பின் சீட்டிலிருந்து கிட்டார் கேட்கும். அவளே எழுதிய மெதுவான பாட்டுகள், அடிவயிற்றிலிருந்து வரும் அந்தப் புதுக் குரலில். நான் வேண்டுமென்றே சுற்று வழியில் ஓட்டுவேன்.

ஆண்டு நிகழ்ச்சி நெருங்கியபோது அவள் மேனேஜரிடம் கேட்டாள். "கடைசியில ஒரே ஒரு பாட்டு சார். என் பாட்டு, என் குரல்ல."

மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "ஜனங்க மின்மினியைப் பார்க்க வர்றாங்கம்மா. சரி, ஒத்திகையில பாடு. உன் சித்தி கேட்டுட்டுச் சரின்னா எனக்கும் சரி" என்றார். சித்தி எந்தப் பக்கம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சித்தி அப்போது புதிதாக, இன்னும் பெரிதாக, ஒரு மஞ்சள் கவுனைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இதுல நான் பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கேன்" என்றாள் மின்மினி.

அவ்வளவுதான், இவள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். "இந்தக் கவுன்தான்டி உனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அழுமூஞ்சிப் பாட்டுப் பாடி அதைக் கெடுத்துக்காதே. நில்லு, மூச்சைப் பிடி."

பிடித்த முயலுக்கு மூன்றே கால். பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவளிடம் வாயைத் திறக்க எனக்கு எப்போது தைரியம் இருந்தது?

ஒத்திகையில் மின்மினி அந்தக் கவுனோடு மேடையில் நின்று கிட்டாரை எடுத்தாள். முதல் வரி மெதுவாக வந்தது. இரண்டாவது வரி நீளமானது. அதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். டர்ரென்று ஒரு சத்தம். அக்குளிலிருந்து இடுப்புவரை தையல் விட்டுப்போயிருந்தது. ஒரு இறக்கை கழன்று டிரம்காரர் மடியில் விழுந்தது.

"பார்த்தீங்களா, இந்தப் பாட்டு நம்ம மின்மினிக்கு ஒத்து வராது" என்றார் மேனேஜர். "நீங்களே சொல்லுங்கம்மா."

பெண் கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு சித்தியையே பார்த்தாள். இவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பாட்டு அங்கேயே முடிந்துவிடும். இவள் தைத்த எதுவும் அதுவரை மேடையில் விட்டுப்போனதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் மனைவியிடம் ஆயிரம் குறை உண்டு, அந்தக் குறை மட்டும் கிடையாது.

"பாட்டு சரியாத்தான் இருக்கு. நான் எடுத்த அளவுதான் தப்பு" என்றாள்.

கழுத்தில் தொங்கிய டேப்போடு மேடையேறினாள். "முதல்லேர்ந்து பாடு குட்டி. மூச்சைப் பிடிக்காதே."

மின்மினி பாடினாள். இவள் டேப்பை விலாவைச் சுற்றித் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீளமான வரி வரும்போதெல்லாம் டேப் இவள் விரல்களுக்கிடையே நழுவிப் பெரிதானது. "இவ்வளவா?" என்று முணுமுணுத்தாள். பாட்டு முடிந்த பிறகும் டேப்பை விடவில்லை.

"சரிம்மா, கடைசிப் பாட்டு" என்றார் மேனேஜர். "ஆனா ஜனங்க கொட்டாவி விட்டா, அடுத்த வருஷம் மஞ்சள் கவுன்தான்."

"விட்டா வாயைத் தைச்சுடறேன்" என்றாள் இவள்.

நிகழ்ச்சி அன்று முன்வரிசை முழுக்க மஞ்சள் கவுன் போட்ட வாண்டுகள். துள்ளல் பாட்டுகளை எல்லாம் குழுவின் மற்றப் பிள்ளைகள் பாடி முடித்ததும் விளக்கு அணைந்து எரிந்தது. மேடை நடுவில் கிட்டாரோடு மின்மினி. கருநீலத்தில் நீளமான உடுப்பு, இறக்கை இல்லை, ஜிகினா இல்லை. கூட்டம் சலசலத்தது. ஒரு வாண்டு நாற்காலிமேல் ஏறி நின்று, "இது யாரு?" என்று கேட்டது. இவள் என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

மின்மினிக்கும் அது கேட்டுவிட்டது. மைக்கை நெருங்கி, "நான்தான்" என்றாள். பிறகு மூச்சை இழுத்தாள். தையல் விடவில்லை.

யாரும் கொட்டாவி விடவில்லை. அந்த வாண்டு கடைசிவரை நாற்காலிமேல்தான் நின்றது. பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலில் மேனேஜர் தன்னை மறந்து விசிலடித்தார்.

உடைமாற்றும் அறைக்குள் மின்மினி நுழைந்ததும் இவள் கேட்டாள். "எங்கயாவது பிடிச்சுதா?"

"இல்ல சித்தி." உடுப்பைக் கழற்றி மடித்த பெண், தையலைத் திருப்பிப் பார்த்தாள். "உள்ள துணியே விடலையே? மறந்துட்டியா?"

"மறக்கல. இதைப் பிரிச்சுப் பெருசாக்கப் போறதில்ல" என்று டேப்பைச் சுருட்டினாள் இவள். "அடுத்த வருஷம் நீ எப்படி இருக்கியோ, அப்படியே வந்து நில்லு. புதுசா அளவெடுத்துக்கறேன்."