மயக்கத்துக்கு முன் ஒரு மூச்சு

1. தியேட்டர்

சத்திரசிகிச்சைக்கூடத்துக்கு, எங்கள் பேச்சில் தியேட்டருக்கு, தாதியாக மாற்றலாகி வந்த முதல் நாள் எதைத் தொடவும் எனக்குத் தயக்கமாக இருந்தது. வார்டில் நோயாளிகள் விழித்திருந்து சண்டை பிடிப்பார்கள், தேத்தண்ணீர் கேட்பார்கள். இங்கே கண்ணை மூடிக்கொண்டு எங்களை நம்பிக் கிடப்பார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் அந்த அறை எனக்குப் பிடித்துப்போனது. ஏசிக் குளிர், பச்சைத் துணிகள், மொனிட்டரின் சீரான சத்தம். மயக்க மருந்து பால்போல வெள்ளையாக ஊசியில் இறங்க, சனங்கள் கதைத்துக்கொண்டே நித்திரைக்குள் போவார்கள். மயிலிட்டி மீனவர் ஒருவர், "வலையை விடாதை, இழு, இழு" என்றபடியே போனார். ஒரு டீச்சர் வகுப்பை அமைதியாக இருக்கச் சொன்னார். இவர்கள் எந்தக் கரைக்குப் போகிறார்கள் என்று யோசித்தபடி நான் நிற்பேன். "மிஸ், நாங்கள் நித்திரையாக்கிறது அவையளை, உங்களையில்லை" என்று மயக்க மருந்து டொக்டர் பகிடி விடுவார்.

2. கிளிப்

நான் மெதடிஸ்தக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். வேலைக்கு வந்த பிறகு ஒவ்வொரு புதுவருடமும், இனி விடிய எழும்பி ஒரு மணித்தியாலம் ஜெபிப்பேன் என்று தீர்மானம் எடுப்பேன். நைட் டியூட்டி வந்ததும் எல்லாம் குழம்பிவிடும். பிறகு மனம் குத்தும். பிறகு இன்னொரு தீர்மானம். உண்மையில் அலுத்துப்போனேன்.

ஒருநாள் நோயாளியின் விரலில் இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்க்கும் கிளிப்பை மாட்டிவிட்டு, அந்த விரலை விடாமல், அவருடைய பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, இவரைப் பார்த்துக்கொள்ளும்" என்று மனதுக்குள் கேட்டேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். அடுத்த நோயாளிக்கும் அப்படியே செய்தேன். கிளிப் மாட்டாமல் இங்கே ஒரு வேலையும் தொடங்காது. அதனால் ஜெபமும் தவறவில்லை. நைட் டியூட்டியாலும் அதைக் குழப்ப முடியவில்லை. அந்தப் பழைய பயம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது.

டொக்டருக்கு மட்டும் அந்த இடைவெளி பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஒருநாள் காலை கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

"உந்த நிக்கிற பழக்கத்தை விடுங்கோ மிஸ். கேக்கவேண்டியதெல்லாம் கேட்டாச்சு, பிறகென்ன யோசினை? லிஸ்ட் நீளம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தியேட்டரில் நேரம் என்பதும் ஓர் உயிர்தான். இன்று முதல் விட்டுவிடலாமோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

3. கலைச்செல்வி

அவள் பருத்தித்துறைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண். கர்ப்பப்பையில் கட்டி, நெடுநாள் இரத்தப்போக்கு. முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏதும் சாப்பிட்டனீங்களோ?" டொக்டர் கேட்டார்.

"இல்லை டொக்டர். இராத்திரிச் சாப்பிட்டதுதான்."

அவர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். நான் கிளிப்பை மாட்டினேன். விட்டுவிடத்தான் நினைத்தேன், ஆனால் கை தன்பாட்டில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. பழகிய கை. டொக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"என்ன மிஸ் செய்யிறியள்?" கலைச்செல்வி மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்காக ஜெபிக்கிறன்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப எனக்கு ரண்டு பக்கத்தாலையும் காவல். எங்கடை அவரும் விடியக் கோயிலுக்குப் போய், அருச்சனை செய்து, பொங்கல் கொண்டந்து தந்தவர். ரண்டு வாய் திண்டிட்டுத்தான் வந்தனான்."

டொக்டரின் கை அந்தரத்தில் நின்றது.

"சாப்பிடேல்லை எண்டு சொன்னனீங்களெல்லோ!"

"அது பிரசாதம் டொக்டர். சாப்பாடில்லையே."

அவள் பொய் சொல்லவில்லை. கோயில் பிரசாதத்தை அவர்கள் வீட்டில் யாரும் சாப்பாடு என்று நினைப்பதில்லை, மறுக்கவும் மாட்டார்கள். ஆனால் வயிற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மயங்கிய பிறகு அந்தப் பொங்கல் மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் அவள் எழும்பாமலே போயிருக்கலாம்.

டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். கத்தப்போகிறார் என்று பயந்தேன். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைத் தடவினார்.

"இண்டைக்கே செய்துவிடுங்கோ டொக்டர், திரும்பி வரத் தைரியம் வராது" என்று கலைச்செல்வி அழத்தொடங்கினாள்.

"பொங்கல் பிழையில்லை அக்கா. நேரம்தான் பிழை. நாளைக்கு முதல் ஆளா உங்களைத்தான் எடுப்பம்" என்றார். அவர் குரல் அவ்வளவு மென்மையாக இருந்து நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து டொக்டர் தன் கேள்வியை மாற்றிக்கொண்டார். "சாப்பாடு, தேத்தண்ணி, பிரசாதம், ஏதாவது வாயிலை வைச்சனீங்களோ?" என்று கேட்கிறார்.

4. வெளியில் நின்றவர்

மறுநாள் கலைச்செல்வி வந்தாள். கிளிப்பை மாட்டி விரலைப் பிடித்தேன். டொக்டர் ஊசியோடு நின்றார். "ஆறுதலா முடியுங்கோ மிஸ்" என்றார். நான் கண்ணைத் திறந்த பிறகுதான் அந்த வெள்ளை மருந்து இறங்கியது. அவள் ஏதோ கரையோரம் நடந்து போவதுபோல நித்திரைக்குள் போனாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளிந்து, பாதிக் கனவில் கிடந்தபடியே என்னைத் தேடினாள்.

"மிஸ், என்ரை பேரைச் சொன்னனீங்களோ?"

"ஓம், சொன்னனான்."

"அவரின்ரை பேரையும் சொல்லியிருக்கலாம். வெளியிலை நிக்கிறவருக்குத்தான் கூடப் பயம். தன்ரை பொங்கலாலை நான் செத்திருப்பன் எண்டு இராவிரவா அழுதவர்."

இத்தனை காலமும் கதவுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் ஜெபித்திருக்கிறேன். வெளியே போனேன். சேர்ட்டில் திருநீறு கொட்டியிருக்க, அவளுடைய கணவர் சுவரோடு ஒட்டி நின்றார்.

"சுகமா இருக்கிறா. உங்கடை பேரென்ன?"

"யோகநாதன்" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். நான் அங்கேயே கண்ணை மூடி அவர் பெயரைச் சொன்னேன்.

புதிதாக வரும் தாதியர் எப்படி ஒரு பழக்கத்தைப் பிடிப்பது என்று கேட்பார்கள். எப்படியும் செய்கிற வேலையோடு சேர்த்துக் கட்டுங்கள், சின்னதாகத் தொடங்குங்கள், யாராவது வந்து பெரிதாக்கினால் தடுக்காதீர்கள் என்பேன். இப்போது ஒவ்வொருவரிடமும், வெளியில் யார் நிற்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் விரலைப் பிடிக்கிறேன். ஒரு மூச்சு இரண்டாகிவிட்டது. டொக்டர் காத்திருக்கிறார்.