முன்னால் உட்கார்ந்தவள்

டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் நானும் என் தோழியும் பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே ஒரே வீட்டில் இருந்தோம். அவளுக்குக் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் வேலை கிடைத்ததும், கிளம்பும் முன் எங்காவது போக வேண்டும் என்றாள். டெக்சாஸின் மேற்குக் கோடியில், ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில் வழிகாட்டியோடு, கனூ என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில் மூன்று நாள் பயணம். பதிவு செய்தது நான். சாமான்களைப் பட்டியல் போட்டு, தண்ணீர் புகாத பைகளில் அடுக்கியதும் நான்தான்.

மில்பிடாஸில் அவள் பார்த்திருந்த வீட்டில் இரண்டு படுக்கையறைகள். இரண்டாவது யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. ஆனால் என் கம்பெனிக்கு அங்குள்ள அலுவலகத்துக்கு என்னை மாற்ற முடியுமா என்று என் மேலாளரிடம் கேட்டிருந்தேன். முடியும் என்றார். இந்தப் பயணத்தில் அவள் கேட்பாள், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், "இன்னொருத்தியும் வரா டி" என்றாள். அவளுடைய புது அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், எங்களைவிடச் சின்னவள், பொள்ளாச்சிக்காரி. என் தோழிக்குச் சொந்த ஊர் கோபி; இரண்டும் கொங்குப் பக்கம். இத்தனை வருடம் என்னோடு பழகிச் சென்னைத் தமிழ் பேசியவள், அந்தப் பெண் வேனில் ஏறிய ஒரு மணி நேரத்தில் ஊர்ப்பேச்சுக்குத் திரும்பிவிட்டாள்.

இரண்டு கனூக்கள், வழிகாட்டியையும் சேர்த்து நான்கு பேர். கரையில் நான் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோதே அவர்கள் இருவரும் ஒரு கனூவில் ஏறிவிட்டார்கள். எனக்கு வழிகாட்டி. வெயிலில் மூக்கு உரிந்த அந்த அமெரிக்கப் பெண்மணி, பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்ப வேண்டும் என்று எனக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். வேறு பேச ஆள் இல்லையே.

வலப்பக்கம் மெக்சிகோ, இடப்பக்கம் டெக்சாஸ், இரண்டும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. முன்னால் போன படகு ஒரு கல்லில் போய் முட்டியது.

"ஏனுங் பாறை, கொஞ்சம் அக்கட்டால போங்!" என்று கத்தினாள் சின்னவள்.

என் தோழி துடுப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாறையில் பட்டு என்னிடம் இன்னொரு முறை வந்தது.

சாயங்காலம் மணல் திட்டில் கூடாரம் அடித்தோம். இரண்டு கூடாரங்கள், இருவருக்கு ஒன்று. வழிகாட்டி வெளியே படுப்பார்.

"நீ தனியா எடுத்துக்கோ டி. உனக்குப் பக்கத்துல யாராச்சும் மூச்சு விட்டாலே தூக்கம் வராது" என்றாள் தோழி. அக்கறையாகத்தான் சொன்னாள்.

"அக்கா, ஒரு மூடி புளிக்காய்ச்சல் குடுங்க, சாதத்துக்கு" என்று சின்னவள் வந்து நின்றாள். நான் கிளறிக் கொண்டுவந்தது. கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பள்ளத்தாக்கு குறுகியது. தண்ணீர் வேகமெடுத்தது. வழிகாட்டி ஆட்களை மாற்றினார். படகைத் திருப்பத் தெரிந்த நான் பின்னால், என் தோழி முன்னால். சின்னவள் அவரோடு.

வேகமான இடத்தைத் தாண்டி ஆறு அமைதியான பிறகு, அவள் முதுகைப் பார்த்துக் கேட்டேன். "அந்த ரெண்டாவது ரூம்?"

"அவளுக்குதான். லீஸ் சைன் பண்ணியாச்சு."

"என்னைக் கேக்கவே இல்லையே."

துடுப்பு நின்றது. "உன்னையா? டேக்ஸு, வாடகை, டிராஃபிக்குன்னு தினம் டீ குடிக்கும்போது எனக்கு கிளாஸ் எடுத்தது யாரு? மூளை இருக்கிறவ கலிஃபோர்னியா போவாளான்னு கேட்டியே!"

அவள் போகாமல் இருக்கத்தான் அத்தனையையும் அடுக்கியிருந்தேன். ஒன்றுவிடாமல் நம்பியிருக்கிறாள்.

"நீ வரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று என் பக்கம் திரும்ப முயன்றாள். படகு ஆடியது.

"திரும்பாதே, கவுந்துடும்."

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

"ஹால் பெருசுதான் டி. ஒரு கட்டில் போடலாம்."

அந்தக் கட்டிலில் படுத்து, மூடிய கதவுக்குப் பின்னால் இருவரும் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். "வேணாம். எனக்குதான் தூக்கம் வராதே" என்றேன்.

தூரத்தில், வேன் நிற்கும் கரையில் இறங்கி நின்று சின்னவள் கை காட்டினாள். "அக்கா, சீக்கிரம் வாங்க!"

என் தோழி துடுப்பை உயர்த்தி ஆட்டினாள். பின்னால் இருப்பவள் நான். கடைசி வளைவை எவ்வளவு அகலமாக எடுக்க முடியுமோ, அவ்வளவு அகலமாக எடுத்தேன்.