கேட்டுல தின்ன பாதி ரொட்டி

ஞானஸ்நானம் வாங்குனதுலேருந்து எஸ்டேட் லயத்து வீடுகள்ல ஒருத்தனும் எங்கூட உக்காந்து சாப்பிடறதில்ல.

இன்னிக்கி ஜாசின் மாதா கோயில்ல எனக்கு மொத நன்மை, ஏசுவோட ஒடம்புன்னு சாமியாரு குடுக்கற அப்பத்த மொத தடவையா வாங்கற நாளு. பட்டினியா வந்தாதான் அந்த அப்பத்தக் குடுப்பாங்க. பூசை முடிஞ்சி திங்க ஜோப்புல ஒரு ரொட்டி வச்சிருந்தேன். எஸ்டேட் கேட்டுல போலீஸ்கார முனியாண்டி தடவிப் புடிச்சிட்டான்.

"டேய் வேதக்காரா, காட்டுல இருக்கற கம்யூனிஸ்ட்டுக்கா?"

"எனக்குலா."

"மலாயா பூரா எமர்ஜென்சிடா. சாப்பாடு வெளிய போவக்கூடாது."

முன்னெல்லாம்னா மூஞ்சிலயே குத்தியிருப்பேன். இன்னிக்கி கை மடங்கவேயில்ல.

"அப்ப நீயே தின்னு."

"தனியாவா? பாதிய நீ தின்னுடா."

தின்னா நன்மை கெடையாது. தெரிஞ்சேதான் அவன் பக்கத்துல உக்காந்து தின்னேன்.

கோயில்ல எல்லாரும் அப்பம் வாங்கப் போனாங்க. நான் கடைசி பெஞ்சுல இருந்தேன். அழுகை வரல, சிரிப்புதான் வந்திச்சி.

நன்மைய கேட்டுலயே வாங்கிட்டேன்னு சாமியாருகிட்ட எப்படிலா சொல்றது?